எண்ணத் தெரிந்த நிசி

அத்தியாயம் 11

"வங்காளத்தில் இனி இருட்டு என்று ஒன்று இருக்குமானால், அது ஹிமாத்ரிசேகர் பாதுரியின் அனுமதியோடுதான் இருக்கும். பிஞ்சு நெஞ்சங்களில் அச்சத்தை நட்டு, கண்ணீர் ஊற்றி வளர்த்த இந்தப் பயச் சக்ரவர்த்தியின் வாசலில் மரணமும் ஒரு கணம் தயங்கி நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரும்."

பாராட்டு மடலை நவமிலன் சங்கத்தின் செயலாளர் நிதாய் ஷிக்தார் குரல் தழுதழுக்க வாசித்தார். எழுதிக் கொடுத்தவர் ஹிமாத்ரிசேகர் பாதுரி.

முதல் பிரதியில் மரணம் செருப்போடுதான் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தியதில் கழற்ற வைத்தார்.

அன்று பூத சதுர்தசி, காளி பூஜைக்கு முந்தைய நாள். செத்துப்போனவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று வடக்குக் கல்கத்தா முழுக்க மத்தியானம் பதினான்கு கீரை சமைத்துச் சாப்பிட்டு, சாயங்காலம் ஏற்றப் பதினான்கு விளக்கைக் கழுவிக் கவிழ்த்திருந்தது. குழந்தைகளுக்குப் பேய்க்கதை எழுதுகிறவருக்குப் பொன்னாடை போர்த்த இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

சங்கத்தார் குறை வைக்கவில்லை. நான்கு குழாய் ஒலிபெருக்கி. அதில் ஒன்றை ஹிமாத்ரியின் வீட்டு மொட்டைமாடிச் சுவரிலேயே கட்டியிருந்தார்கள், குடும்பமும் கேட்டுப் பூரிக்கட்டும் என்று. ஒன்றே முக்காலுக்கு வழக்கம்போல் மின்சாரம் போனது. விழா தொண்டையால் நடந்தது.

நம் வாசகர்களுக்குத் தெரியும்: பெரியவர்களுக்கென்று எழுதிய அறுநூறு பக்க நாவலைப் பெரியவர்கள் யாரும் சீண்டாததால்தான் ஹிமாத்ரி குழந்தைகள் பக்கம் திரும்பினார். இந்த வருஷப் பூஜை மலரில் வந்த நிசிக் கதை அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது. அந்தக் கதை தன் பத்து வயது மகள் கண்ணில் படக்கூடாது என்று அவர் மனைவி கேதகி மலரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். போன வாரம் அலமாரியைத் திறந்தபோது, சாவி இருந்தது, பூட்டு இருந்தது, மலர் இல்லை.

நிசியைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நெருங்கினவர்கள் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் கொடுத்தால், கொடுத்தவர் அதன் பின்னாலேயே நடந்துபோவார், திரும்பமாட்டார். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அதற்குக் கூப்பிட வராது. அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள் ராத்திரியில் முதல் அழைப்புக்கும் வாய் திறப்பதில்லை, இரண்டாவதற்கும் திறப்பதில்லை. மூன்றாவது வந்தால் ஆள்தான்.

ஹிமாத்ரி இரண்டு மாற்றம் செய்தார். "பிள்ளைங்க ஒன்பது மணிக்கே தூங்கிடுது, மத்தியானத்துக்குக் கொண்டு வாங்க" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டதால் நிசியைப் பகலில் அலைய விட்டார். பிறகு அதற்கு மூன்று வரை எண்ணக் கற்றுக்கொடுத்தார்.

எத்தனையோ தலைமுறையாக ஓர் ஊர் நம்பியிருந்த ஒரே தாழ்ப்பாள். மூன்றரைப் பக்கத்தில் கழற்றிவிட்டார்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் நடுவரிசையில் ஓர் அம்மா எழுந்தாள்.

"ஹிமாத்ரிதா," என்றாள், அண்ணா என்கிற மரியாதையோடு. "ஒண்ணு கேக்கணும். என் பொண்ணு ஒரு மாசமா கூப்பிட்டா ஏன்னு கேக்குறதில்ல. மூணு தடவ என்ன, முப்பது தடவ கூப்பிட்டாலும் செவிடு மாதிரி உக்காந்திருக்கா. கிட்டப் போய்த் தொட்டா வீல்னு கத்துறா."

"எங்க வீட்லயும் அதேதான்" என்றாள் இன்னொருத்தி. "எங்க வீட்ல ரெண்டு."

ஹிமாத்ரி கண்களை மூடி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "தாயே! இதைவிடப் பெரிய விருது எனக்கு யாரும் தரமுடியாது."

"விருது கெடக்கட்டும். தப்பிக்கிறது எப்படின்னு கடைசில ஒரு வரி போட்டிருக்கலாம்ல? பிள்ளைங்க படிக்கிறது."

"பயத்துக்குக் கதவு கிடையாதம்மா."

கைதட்டல் எழுந்தது. அந்த அம்மா மட்டும் தட்டவில்லை.

*

அதே நேரத்தில் வீட்டில் கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் மின்சாரம் இல்லாமல் மங்கிக் கிடந்தன.

புச்கி என்று வீடு கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு ஸ்ரோதஸ்வினி என்று ஒரு பெயர் உண்டு. அப்பா வைத்தது. பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அம்மாவின் கோபத்திலும் மட்டும் புழங்குவது.

மத்தியானம் அவள் கீரை சாப்பிடவில்லை. சந்தையில் நறுக்கிக் குவித்து "பதினாலு கீரை" என்று அள்ளிக் கொடுக்கிற கூளம் அது. கணக்கு டீச்சரான கேதகியே பதினொன்றுக்கு மேல் அடையாளம் காணமுடியாமல் விட்டுவிட்டாள். ஆனால் சாப்பிடாதவர்களை இன்றைக்கு வருகிறவர்கள் தொடலாம் என்பது கணக்குக்கு அப்பாற்பட்ட விதி. புச்கி கீரையைப் பாவாடைப் பையில் திணித்து, கை கழுவுகிற சாக்கில் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். போட்ட பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. கீரை அதற்குள் மிதந்து நடுவுக்குப் போய்விட்டது.

அம்மா கீழே விளக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா பிரியதோஷ் அறையில் குறட்டை விட்டார். புச்கி மேல்படிக்கட்டில், மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பூஜை மலரைப் பிரித்தாள். மாடியில் குளிர்காலத்துப் பஞ்சுப் போர்வைகள் ஆறு வெயிலில் கிடந்தன.

கதை அவளுக்கு நான்காவது தடவை. முதல் மூன்று தடவை பயமாக இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. அப்போதெல்லாம் கீரைக் குற்றம் இல்லை.

"புச்கி."

அப்பாவின் குரல். மாடியிலிருந்து.

அப்பா சங்கத்தில் இருந்தார். வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு போனதை அவளே பார்த்தாள்.

"புச்கி..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு. இதோடு நின்றுவிட்டால் பழைய நிசி. பழைய நிசி என்றால் பிழைத்தோம். கதவு இடுக்கில் போர்வைகளின் மேல் வெயில் அப்படியே கிடந்தது. ஒரு காக்கா கத்தியது. அவள் மனதுக்குள் பத்து வரை எண்ணினாள்.

"புச்கி, கொஞ்சம் வெளிய வாம்மா."

மூன்று.

மலர் மடியிலிருந்து விழுந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கதையிலேயே இருந்தது: வெளிச்சம் நுழையாத இடத்தில் ஒளிந்துகொள், யார் குரலுக்கும் வாய் திறக்காதே. வாக்கியம் ஓசையோடு முடிய வேண்டுமே என்பதற்காக ஹிமாத்ரி சேர்த்தது அது.

படி திரும்புகிற இடத்தில் போர்வைப் பெட்டி இருந்தது. தேக்குமரம், ஒரு ஆள் படுக்கலாம். ஆறு போர்வை வெளியே போயிருந்ததால் பாதி காலி. அவள் உள்ளே இறங்கி மூடியை இழுத்துக்கொண்டாள். ஒரு போர்வையின் முனை வெளியே மாட்டிக்கொண்டதால் மூடி முழுக்க அமரவில்லை. விரல் கனத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு. அந்துருண்டை நாற்றம் மூக்கைச் சுட்டது.

சிறிது நேரம் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். எதற்காகப் பொத்தினாள் என்பதைப் பிற்பாடு அவளே சொல்வாள்.

*

"புச்கி! எண்ணெய் டப்பாவ எடுத்துட்டு வா."

கேதகி மூன்று தடவை கூப்பிட்டாள். நான்காவது தடவை, "ஸ்ரோதஸ்வினி!"

பெட்டிக்குள் புச்கி உடம்பைச் சுருக்கினாள். அதற்கு அம்மாவின் குரலும் வந்துவிட்டது. பள்ளிப் பெயர்கூடத் தெரிந்திருக்கிறது.

கேதகி கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். அறைகள், கட்டிலடி, கதவிடுக்கு. முதலில் எரிச்சலோடு தேடினாள். பிறகு வேகமாக. பிறகு ஏற்கெனவே பார்த்த இடங்களையே திரும்பத் திரும்ப.

"அண்ணா! எந்திரிங்க. புச்கியக் காணோம்."

பிரியதோஷ், ஹிமாத்ரியின் அண்ணன், பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். தம்பி பேயை எழுதிச் சம்பாதிக்கிற வீட்டில், பேய் இல்லை என்று இருபது வருஷமாக இலவசமாகச் சொல்லிவருகிறவர். அன்று பதினான்கு கீரையை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். இரும்புச் சத்துக்காக.

"காணோம்னு ஒரு நிலையே கிடையாதும்மா. எல்லாப் பொருளும் எங்கயாவது இருக்கும்."

"அந்த எங்கயாவது எங்கன்னு பாருங்க!"

அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். மாடிக்கதவு வரை போனார், மாடிக்குள் போகவில்லை. அங்கே நின்றபடியே எட்டிப் பார்த்து, "யாரும் இல்ல" என்றார். சும்மாதான் நின்றார், இருந்தும் மூச்சு வாங்கியது. பாதிப்படி இறங்கி, போர்வைப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மாட்டியிருந்த போர்வை முனை உள்ளே நழுவியது. மூடி அமர்ந்தது. வெளிக்கொண்டி அதன் பாட்டுக்கு விழுந்து மாட்டிக்கொண்டது.

டக்.

உள்ளே வெளிச்சக் கோடு அணைந்தது. தலைக்கு மேல் பலகை முனகியது. என்னவோ வந்து உட்கார்ந்துவிட்டது. கனமாக, மூச்சு விட்டுக்கொண்டு.

"புச்கி," என்றது அது, பெரியப்பா குரலில். "வெளையாட்டு போதும்மா. வந்துடு."

புச்கி தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பாக இருந்தது. மூச்சு இழுத்தால் அந்துருண்டைதான் உள்ளே போனது. அழுகை வந்தது, அழுதால் சத்தம் கேட்கும். அவள் சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டாள்.

கேதகி மேலே வந்தாள். முந்தானை அவிழ்ந்திருந்தது. "அந்தப் பெட்டியப் பாத்தீங்களா?"

"யோசிச்சுப் பேசு கேதகி. கொண்டி வெளியில மாட்டியிருக்கு. உள்ள இருக்கிறவ வெளிக்கொண்டிய எப்படி மாட்டுவா? எதையும் தர்க்கத்தோட அணுகணும்."

கேதகி கணக்கு டீச்சர். தர்க்கம் சரியாக இருந்தது. அவள் கீழே ஓடினாள்.

முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியின் நடுவில், கீரை மிதந்துகொண்டிருந்தது.

சமைத்த கீரை. புச்கியின் தட்டுக்கு அவளே பரிமாறியது.

தொட்டி கேதகியின் நெஞ்சளவு ஆழம். புச்கி அவள் நெஞ்சளவு உயரம். பாசி படர்ந்த தண்ணீரில் கீரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொடிக்கம்பை எடுத்துத் துழாவினாள். கம்பு எதிலோ இடித்தது. அவள் புடவையோடு தொட்டிக்குள் இறங்கினாள்.

*

நான்கு மணிக்குப் பயச் சக்ரவர்த்தி ஊர்வலமாக வீடு திரும்பினார்.

முன்னால் ஒரு மேளம். பின்னால் சட்டம் போட்ட பாராட்டு மடலைத் தூக்கிக்கொண்டு ஷிக்தார் பாபுவும் சங்கத்து ஆட்கள் இருவரும். நடுவில் ரஜனிகந்தாப் பூமாலையோடு ஹிமாத்ரி. வாசலில் மங்களமாகச் சங்கு ஊதி வரவேற்க வேண்டும் என்று காலையிலேயே மனைவியிடம் ஜாடையாகச் சொல்லிவைத்திருந்தார். சங்குச் சத்தம் வரவில்லை.

உள்ளே போனார். தொட்டிக்குள் நெஞ்சளவு தண்ணீரில் கேதகி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பழைய வாளி. கம்பு இடித்தது அதில்தான்.

மேளம் நின்றது.

"புச்கியக் காணோம்" என்றாள். "ஒன்றரை மணி நேரமாச்சு. இதுக்குள்ள இல்ல. மூணு தடவ முங்கிப் பாத்துட்டேன்."

ஹிமாத்ரி கையை உயர்த்தினார். "நீ கூப்பிட்டிருப்ப. நான் கூப்பிட்டா வருவா."

மேடையில் கைதட்டல் வாங்கிய அதே குரலில், "ஸ்ரோதஸ்வினி! என் செல்வமே! உன் தந்தை அழைக்கிறேன்!"

பெட்டிக்குள், மாடியில் கேட்ட அந்த முதல் குரல் மறுபடியும் வந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே. புச்கிக்கு மூச்சு சின்னச் சின்னதாகத்தான் வந்தது. தூக்கம் வருவதுபோல் இருந்தது.

"மாடிப்படியில இது கெடந்துச்சு" என்று பிரியதோஷ் பூஜை மலரைக் கொண்டுவந்தார்.

கேதகி தொட்டியிலிருந்து ஏறி, ஈரக் கையாலேயே வாங்கினாள். கணவர் எழுதியதை அவள் படித்ததே இல்லை. நின்றபடியே படித்தாள். தண்ணீர் அவள் புடவையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கடைசி வரிக்குக் கீழே ஒரு குழந்தை எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. பல்பொடி விளம்பரம்.

"அவ இங்கதான் இருக்கா" என்றாள் கேதகி மெதுவாக. "நாம கூப்பிடுறதக் கேட்டுக்கிட்டுதான் இருக்கா. பதில் சொல்ல மாட்டா. நாமதான் அதுன்னு நெனைச்சிக்கிட்டிருக்கா." நிமிர்ந்தாள். "இதுல தப்பிக்க வழி எங்க?"

"இருந்துச்சு" என்றார் ஹிமாத்ரி.

"எங்க?"

அவர் பல்பொடிக் குழந்தையைக் காட்டினார்.

நடந்தது இதுதான். எட்டு வரி இடம் வேண்டும், தலைப்புக்கு மேல் இருக்கிற உங்கள் புகைப்படத்தைச் சின்னதாக்கலாமா, கடைசிப் பத்தியை எடுக்கலாமா என்று ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார். ஹிமாத்ரி யோசிக்க நேரம்கூடக் கேட்கவில்லை.

"அந்தப் பத்தியில என்ன இருந்துச்சு?"

"நிசிக்குக் குரல் தெரியும், பேர் தெரியும், எண்ணத் தெரியும். வெட்கம் மட்டும் தெரியாது. தன் மானக்கேட்டத் தன் வாயால சொல்றது மனுஷன் மட்டும்தான். அப்படின்னு அந்தக் கதையில அம்மா..."

"அப்ப சொல்லுங்க."

"எத?"

"உங்க மானக்கேட்ட."

"இங்கயா? ஷிக்தார் பாபு நிக்கிறாரு..."

"ஷிக்தார் பாபுவும் கேட்டுக்கட்டும்! எம் புள்ள எங்கயோ மூச்சுமுட்டிக் கெடக்குறா. சொல்றீங்களா, இல்ல அந்த மாலையோட உங்களத் தொட்டியில தள்ளட்டுமா?"

ஹிமாத்ரி மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மேளக்காரனிடம் கொடுத்தார்.

"புச்கி!" குரல் பிசிறியது. "என் நாவல் நூத்திப்பத்து பிரதிதான் வித்துச்சு! அதுல அறுபது நானே வாங்கினது!"

ஒன்றும் இல்லை.

"இந்தப் பாராட்டு மடல... நானே எழுதினது!"

ஷிக்தார் பாபு சட்டத்தை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றும் இல்லை.

"அவளுக்கு இதெல்லாம் தெரியாது" என்று கேதகி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவளுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க! தினம் சாயங்காலம் அவ காதுல விழுறதச் சொல்லுங்க!"

ஹிமாத்ரி அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கண் எடுக்கவில்லை.

"புச்கி," என்றார். மேடைக்குரல் எங்கேயோ போய்விட்டது. "அந்தி சாஞ்சா அப்பாவுக்குத் தனியா குளியலறைக்குப் போக பயம்மா. பதினோரு வருஷமா உங்கம்மா வெளியில காவல் நிக்கிறா. நின்னுக்கிட்டே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லணும். சத்தம் நின்னா அவ போயிட்டாளோன்னு எனக்குக் கை நடுங்கும். பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி பண்றான்னு உங்கிட்ட சொன்னது பொய்."

மேளக்காரன் தரையைப் பார்த்தான்.

"பொய்ம்மா. எனக்காகத்தான் சொல்றா. பதினேழு ஒண்ணு பதினேழு. பதினேழு ரெண்டு முப்பத்திநாலு. பதினேழு மூணு ஐம்பத்தொண்ணு..."

அழுதுகொண்டே சொன்னார். படிப்படியாக ஏறிக்கொண்டே சொன்னார்.

"பதினேழு நாலு அறுபத்தெட்டு. பதினேழு அஞ்சு எண்பத்தஞ்சு. பதினேழு ஆறு நூத்திரெண்டு. பதினேழு ஏழு... நூத்திப் பதினாறு. பதினேழு எட்டு..."

"நூத்திப் பத்தொம்போது."

தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல்.

கேதகி அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். கொண்டியைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் வந்தது. மூடியைத் தூக்கினாள். போர்வைகளுக்கு நடுவில் வியர்வையில் ஊறிய முகம், நீலம் பாய்ந்த உதடு, மணிக்கட்டில் பல் பதிந்த தடம்.

வெளியே தூக்கியதும் புச்கி மூச்சை அவ்வளவு சத்தமாக இழுத்தாள், முற்றம் வரை கேட்டது. கேதகி அவளைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹிமாத்ரி மகளின் கால் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிசிக்கு மூணு வரைக்கும்தான் தெரியும்" என்றாள் புச்கி கொஞ்சம் கழித்து. "பதினேழு தெரியாது. தெரிஞ்சாலும் தப்பாச் சொல்லாது."

"ஆமாம்மா" என்றார் பயச் சக்ரவர்த்தி.

"மேல என்னமோ வந்து ஒக்காந்துச்சும்மா. டக்னு மூடிடுச்சு. ரொம்ப நேரம் ஒக்காந்திருந்துச்சு. பெரியப்பா குரல்ல பேசுச்சு."

எல்லோரும் பிரியதோஷைப் பார்த்தார்கள். அவர் வேட்டியின் பின்பக்கத்தில் பெட்டித் தூசு சதுரமாகப் பதிந்திருந்தது.

*

பாலைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். புச்கி அம்மாவின் மடியை விட்டு இறங்காமல் குடித்தாள். வெளிச்சம் மங்க மங்க வீட்டில் எல்லோரும், சங்கத்தார் உட்பட, ஒரே அறையில், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்குடா கண்ணு அதுக்குள்ள போன?" என்றார் ஹிமாத்ரி.

"நீங்கதான் மாடியிலேருந்து கூப்பிட்டீங்க. மூணு தடவ."

பிரியதோஷுக்கு மட்டும் முகத்தில் ரத்தம் திரும்பியது. கை தட்டினார்.

"ஒலிபெருக்கி! நம்ம மாடிச்சுவர்ல குழாய் கட்டியிருக்காங்களே! இவன் அங்க கத்தினது இங்க கேட்டிருக்கு. அவ்வளவுதான். எதுக்கும் ஒரு காரணம் இருக்கும்னு நான் தலையில அடிச்சிக்கிட்டு சொல்றேன்ல?"

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஹிமாத்ரி சிரிக்கக்கூடச் செய்தார்.

ஷிக்தார் பாபு தொண்டையைச் செருமினார். "கரண்ட் ஒன்றே முக்காலுக்கே போயிடுச்சுங்களே. இன்னும் வரல. ஹிமாத்ரிதா வெறும் தொண்டையிலதான் பேசினாரு."

"தொண்டையே கேட்டிருக்கும்!"

"மூணு தெரு தள்ளியா? அதுவுமில்லாம, மேடையில அவரு வாசிச்ச கதையில வர்ற பையன் பேரு பில்ட்டு. புச்கின்னு ஒரு பேர் இருக்கிறதே எங்களுக்கு இங்க வந்துதான் தெரியும். மடல்ல ஸ்ரோதஸ்வினின்னுதானே எழுதிக் குடுத்திருந்தாரு."

பிரியதோஷ் தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஹிமாத்ரி மகளிடம் குனிந்தார். "மூணோட நிறுத்திடுச்சுல்ல?"

புச்கி பால் டம்ளரைக் கீழே வைத்தாள். மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் மகள், தப்பாக எண்ணமாட்டாள்.

"இல்ல. நான் பெட்டிக்குள்ள போனப்புறம் ஒரு தடவ. கிட்டத்துல. அதான் காதப் பொத்திக்கிட்டேன்."

நான்கு. ஹிமாத்ரி அதற்கு மூன்று வரைதான் கற்றுக்கொடுத்திருந்தார்.

ஷிக்தார் பாபுவும் ஆட்களும் விடைபெற்றுக்கொள்ளாமலே கிளம்பினார்கள். மேளக்காரன் மாலையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டான். கேதகி பதினான்கு விளக்கையும் ஏற்றினாள்: வாசல், முற்றம், தொட்டி, படி. மாடிக்கு என்று எடுத்துவைத்திருந்த இரண்டையும் படி திரும்புகிற இடத்திலேயே, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மாடியில் கிடந்த ஆறு போர்வையை எடுக்க யாரும் போகவில்லை. பனியில் நனைந்தன.

ஆறரை மணிக்குக் கேதகி குளியலறை வாசலில் நின்று பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஹிமாத்ரி பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

உள்ளே இருந்தவர் பிரியதோஷ்.